பாட்டி பேச்சு பேரனுக்கு எட்ட: அழியும் மொழிகளும் அவற்றைப் பதிவு செய்யும் முறையும்

“சாப்பிட்டியாய்யா?” என்று பாட்டி கேட்கிறார். “ஆல்ரெடி, பாட்டி” என்கிறான் பேரன், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். கேள்வி அவனுக்கு முழுசாகப் புரிந்திருக்கிறது, பதில்தான் வேறு மொழியில் வருகிறது. கோலாலம்பூரில் செந்தூலிலும் கெப்போங்கிலும் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளிலும் இது தினம் நடப்பது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் மொழி அழிவை ஆராய்கிறவர்கள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கவனிப்பது இதைத்தான். கேட்டால் புரியும், பேச வராது என்று வளர்ந்த பிள்ளையால் நாளைக்குத் தன் பிள்ளையை அந்த மொழியில் கொஞ்ச முடியாது, அதட்ட முடியாது, தூங்க வைக்கக் கதை சொல்ல முடியாது. சங்கிலி அறுபடும் இடம் அது.

ஒரு மொழியின் கடைசிப் பேச்சாளர் காலமானார் என்று எப்போதாவது செய்தி வரும். 2010 ஜனவரியில் அந்தமானில் போவா என்ற மூதாட்டி இறந்தபோது, போ மொழி அவரோடு முடிந்தது என்று உலகம் முழுக்க எழுதினார்கள். அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அந்த மொழியில் பேச அவருக்கு ஓர் ஆள் இல்லை. பிள்ளைகள் கற்காமல் போன தலைமுறையிலேயே மொழி நின்றுவிட்டது. இறப்புச் செய்தி வர அதன்பிறகு ஒரு மனித ஆயுள் பிடித்தது. அதனால்தான் மொழி அழிவு நடந்துகொண்டிருக்கும்போது கண்ணில் படுவதில்லை. பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் பேசிக்கொண்டுதானே இருக்கிறார்கள்!

எப்படி அளப்பது

பேசுவோர் எத்தனை பேர் என்பதை வைத்து மட்டும் ஒரு மொழியின் உடல்நிலையைச் சொல்லிவிட முடியாது. முந்நூறு பேர் பேசும் மொழியில் முந்நூறு பேரும், பாலர் உட்பட, அதையே பேசினால் அது நல்ல நிலையில் இருக்கிறது. ஒரு லட்சம் பேர் பேசும் மொழியில் அத்தனை பேரும் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் என்றால் அது படுத்துவிட்டது. யுனெஸ்கோ 2003இல் நிபுணர் குழு ஒன்றை வைத்து ஒன்பது காரணிகளைத் தொகுத்தது. எண்ணிக்கை அதில் ஒன்று. வீடு, சந்தை, பள்ளி, வழிபாடு என எந்தெந்த இடங்களில் மொழி புழங்குகிறது, எழுத்தும் பாடநூலும் உண்டா, அரசு எப்படிப் பார்க்கிறது, பேசுவோரே தங்கள் மொழியை எப்படி மதிக்கிறார்கள் என்பனவெல்லாம் மற்றவை. எல்லாவற்றிலும் முதலாவதாக வைக்கப்பட்டது, தலைமுறைக்குத் தலைமுறை கைமாறுகிறதா என்பது.

அந்த ஒன்றுக்கு 5இலிருந்து 0 வரை மதிப்பெண். எல்லா வயதினரும் பேசினால் 5. பிள்ளைகளில் சிலர் மட்டும் பேசினால், அல்லது பிள்ளைகள் வீட்டில் மட்டும் பேசினால் 4. பெற்றோர் தலைமுறையும் அதற்கு மேலும் மட்டும் என்றால் 3. தாத்தா பாட்டி மட்டும் என்றால் 2. கொள்ளுத் தாத்தா வயதில் சிலர், அதுவும் எப்போதாவது என்றால் 1. யாருமில்லை என்றால் 0. உங்கள் வீட்டையே இதில் வைத்துப் பாருங்கள். தமிழுக்கு உலக அளவில் 5 கிடைத்தாலும், கோலாலம்பூரில் பல குடும்பங்களுக்குத் தனியாக மதிப்பெண் போட்டால் 3க்கு மேல் தேறாது.

மலேசியத் தமிழருக்கு இதை விளக்க வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. மலாக்காவில் காஜா பெராங் பக்கம் போனால் செட்டி சமூகத்தைப் பார்க்கலாம். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்து தங்கிய தமிழர்களின் வழி வந்தவர்கள். 1781இல் எழும்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் அவர்களுடையது. நாட்டில் இன்றும் வழிபாடு நடக்கும் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று அது. பொங்கலும் முன்னோர் படையலும் இன்றும் விடாமல் நடக்கின்றன. வீட்டில் பேசுவது மட்டும் தமிழ்ச் சொற்கள் சில கலந்த மலாய். சாமி, சடங்கு, பெயர் எல்லாம் தங்கிவிட்டன, மொழி போய்விட்டது. பண்பாட்டைக் காத்தால் மொழி தானாக நிற்கும் என்று நம்புகிறவர்கள் ஒருமுறை அங்கே போய்வர வேண்டும். இதில் அவர்கள் குற்றம் எதுவும் இல்லை. உள்ளூரில் மணந்து, உள்ளூர்ச் சந்தையின் மொழியில் பிள்ளை வளர்த்தார்கள். யார் செய்தாலும் விளைவு அதுதான்.

நம் பக்கத்து மொழிகள்

தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடிகளை அரசு 18 பிரிவுகளாகக் கணக்கிடுகிறது. நெக்ரீட்டோ, செனோய், மெலாயு புரோட்டோ என்ற மூன்று தொகுதிகளுக்குள் அவை அடங்கும். மொத்தம் ஏறத்தாழ 2 லட்சம் பேர். தெமுவான், ஜக்குன் போன்றோர் பேசுவது மலாயின் உறவு மொழிகள். செமாய், தெமியார், ஜஹாய், பாத்தெக், மாமேரி, செமெலாய் முதலியவை வேறு குடும்பம். அஸ்லி மொழிகள் என்று அவற்றைச் சொல்வார்கள். கெமர், வியட்நாமியம் ஆகியவற்றுக்கும், இந்தியாவில் சந்தாலி, முண்டாரி, காசி, நிக்கோபாரி ஆகியவற்றுக்கும் அவை உறவு. தாப்பாவில் செமாய் மொழி பேசும் ஒருவருக்கும் ஜார்க்கண்டில் சந்தாலி பேசும் ஒருவருக்கும் இடையே, எவ்வளவு தூரத்து உறவானாலும், ஒரே வேர் இருக்கிறது. மலாய் மொழி இந்த மண்ணுக்கு வருவதற்கு முன்பிருந்தே இங்கே பேசப்பட்டவை இவை.

கேரித்தீவில் மாமேரி மக்கள் இருக்கிறார்கள். அதே தீவின் தோட்டங்களில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வேலை செய்திருக்கிறார்கள். ஒரே பாலத்தைக் கடந்து கிள்ளானுக்குப் போய்வந்தவர்கள். அப்படியிருந்தும் மாமேரி மொழியில் ஒரு சொல்லைச் சொல்லத் தெரிந்த தமிழரைத் தேடிப் பிடிக்க வேண்டும். இந்தத் தெரியாமையைக் குறைப்பதுதான் விழிப்புணர்வின் முதல் வேலை. கோலாலம்பூரில் இருப்பவர்கள் கோம்பாக் 12ஆம் கட்டையில் உள்ள பூர்வகுடி அருங்காட்சியகத்திலிருந்து தொடங்கலாம். வீட்டு வானொலியில் அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம்மின் அசிக் எஃப்எம்மைத் திருப்பினால் செமாய், தெமியார், ஜக்குன், தெமுவான் மொழிகளைக் காதாலேயே கேட்கலாம். பிள்ளைகளோடு சேர்ந்து அரை மணி நேரம் கேளுங்கள். மலாய் போல இருக்கும் என்று நினைத்தவர்களுக்குச் செமாய் வியப்பாக இருக்கும்.

இன்னும் எத்தனை மொழிகள் இருக்கின்றன என்பதே முழுதாகத் தெரியாது. கிளந்தானில் சுங்கை ருவால் என்ற இடத்தில் ஜஹாய் மொழியை ஆராயப் போன சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக மொழியியலாளர்கள், அதே குடியிருப்பில் ஒரு பகுதியினர் வேறு மாதிரிப் பேசுவதைக் கவனித்தார்கள். ஜெடெக் என்று பெயரிட்டு 2018இல் உலகுக்குச் சொன்னார்கள். பேசுவோர் சுமார் 280 பேர். வாங்கு, விற்பனை செய், கடன் கேள், திருடு என்பவற்றுக்கு அந்த மொழியில் சொந்த வினைச்சொல் இல்லை; பகிர்தலுக்கும் பரிமாறிக்கொள்ளலுக்கும் சொற்கள் நிறைய இருக்கின்றன என்று அவர்கள் எழுதினார்கள்.

சொல் போனால் என்ன போகும்

மொழி ஒரு கருவிதானே, எந்த மொழியில் பேசினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நேர்மையான கேள்வி. அதற்கு ஜஹாய் மக்களின் மூக்கைக் கொண்டு பதில் சொல்லலாம்.

வாசனையைச் சொல்ல நமக்கு நறுமணம், நாற்றம், வாடை, கவிச்சி, முடை, மொச்சை என்று சில சொற்கள் உண்டு. அதற்கு மேல் வேண்டுமானால் “மல்லிகை மாதிரி”, “பெட்ரோல் மாதிரி” என்று பொருளின் பெயரைத்தான் கடன் வாங்குகிறோம். ஜஹாயில் ஏறத்தாழ ஒரு டசன் சொற்கள் வாசனைக்கென்றே இருக்கின்றன, பொருளின் பெயரைச் சாராமல். பெட்ரோல், புகை, வௌவால் எச்சம் ஆகிய மூன்றுக்கும் பொதுவான ஒரு காட்டமான வாடைக்கு ஒரு சொல். புலியை இழுத்து வரும் இரத்த வாடைக்கு ஒரு சொல். 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஜஹாய் பேசுவோர் நிறத்துக்குப் பெயர் சொல்லும் அதே எளிமையோடு வாசனைக்கும் பெயர் சொன்னார்கள். ஆங்கிலம் பேசுவோர் அதே வாசனைகளுக்கு முன் தடுமாறினார்கள்.

புலி வரும் வாடை என்று ஒரு சொல் இருந்தால், எதைக் காட்டில் அறுக்கக் கூடாது, எதைக் குடிசைப் பக்கத்தில் போடக் கூடாது என்ற ஒழுங்கு அந்தச் சொல்லோடு பிள்ளைக்குப் போய்ச் சேர்கிறது. பாட்டி மூக்கைச் சுளித்து அந்தச் சொல்லை ஒருமுறை சொன்னால் போதும். மலாய்க்கு மாறிய பிள்ளைக்கு அந்தச் சொல் கிடைப்பதில்லை. ஒழுங்கைத் தனியாக யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். யாரும் சொல்வதில்லை. மூத்தோர் அறிவு என்பதைப் பழமொழித் தொகுப்பு மாதிரி நினைத்துக்கொள்வது இதனால்தான் தவறு. அன்றாடம் வாயில் வரும் சின்னச் சொற்களில் அது பொதிந்திருக்கிறது. பெரியவர்களிடம் கேட்டால் தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் சொல்வார்கள். உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறார்கள்.

ஏன் மாறுகிறார்கள் என்பதை நீட்ட வேண்டியதில்லை. பள்ளி மலாயில் நடக்கிறது, விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை மாதக் கணக்கில் வீட்டு மொழியைக் கேட்பதில்லை, வேலை நகரத்தில் இருக்கிறது. 1970களில் பேராக்கில் தெமெங்கோர் அணை கட்டியபோது நடந்தது போல, நிலம் நீரில் மூழ்கிப் பல குடிகள் ஒரே மறுகுடியேற்றத்துக்கு வந்தால், எல்லாருக்கும் பொதுவான மொழியே வெல்லும். அதோடு வெட்கமும் சேர்கிறது. பள்ளியில் கேலி செய்யப்பட்ட தாய், தன் பிள்ளைக்கு அது நடக்கக் கூடாது என்று மொழியை மாற்றிக்கொள்கிறாள். பிள்ளை மேல் வைத்த பாசத்தில் எடுத்த முடிவு அது. குறை சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

முதலில் உங்கள் வீட்டில் பழகுங்கள்

பதிவு செய்ய ஆர்வம் வந்தவர்கள் நேராக ஒரு பூர்வகுடிக் கிராமத்துக்கு ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போவதே வழக்கமான முதல் தவறு. தெரியாத மொழி, தெரியாத மரியாதை, தெரியாத கருவி மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தால் கெடுவது நிச்சயம். கருவியையும் கேள்வியையும் சொந்தப் பாட்டியிடம் பழகிக்கொள்ளலாம். ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்த எழுபது எண்பது வயதுப் பெரியவர் பல குடும்பங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பேசும் தோட்டத் தமிழும் பதிய வேண்டியதுதான். பெரட்டு (காலை ஆள்கணக்கு), மங்கு (பால் பிடிக்கும் கோப்பை), காண்டா (தோளில் சுமக்கும் தடி), ஒட்டுப்பால் (மரத்தில் உறைந்த பால்), ஆயாக்கொட்டகை (பிள்ளைக் காப்பகம்) என்ற சொற்கள் அவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன.

கேள்வி கேட்கும் முறையை அங்கேதான் கற்க முடியும். “பால்மரம் எப்படிப் பாட்டி வெட்டுவீங்க?” என்று கேட்டால், “காலையில போவோம், வெட்டுவோம், பால எடுத்துக்கிட்டு வருவோம், அவ்வளவுதான்யா” என்று பதில் வரும். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அதே பாட்டியின் கையில் ஒரு பழைய பால்வெட்டுக் கத்தியைக் கொடுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு விறகுக் கட்டையையும் சாக்குக்கட்டியையும் கொடுத்துக் கோட்டை வரையச் சொல்லுங்கள். கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, ஏறக்குறைய முப்பது பாகைச் சரிவில் வரும். ஏன் மாற்றிப் போடக் கூடாது என்று கேளுங்கள். பாலோடும் குழாய்கள் பட்டைக்குள் செங்குத்தாக ஏறாமல் சற்று வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு அவற்றில் அதிகமானதைத் திறக்கும். பாட்டி இதைக் குழாய் கணக்கில் சொல்ல மாட்டார், “அப்படிப் போட்டாத்தான் பால் நிக்காம வரும்” என்பார். எவ்வளவு ஆழம்? மரத்தில் கத்தி படக் கூடாது, ஒரு மில்லிமீட்டர் அளவுக்காவது பட்டையை விட வேண்டும். பட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, அடுத்த சுற்றில் வெட்ட முடியாமல் போகும். ஏன் விடியற்காலை? வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் ஓட்டம் தளரும். மழை நாளில் என்ன செய்தார்கள், அன்றைக்குக் கூலி என்ன ஆனது, பிள்ளையை யாரிடம் விட்டார்கள்... கத்தியைக் கையில் கொடுத்ததும் இரண்டு மணி நேரம் போதாது.

அறிவு பெரியவர்களின் கையிலும் காலிலும் இடத்திலும் சேமிக்கப்பட்டிருக்கிறது. உட்கார வைத்துச் சொற்பட்டியல் கேட்டால் நூறு பெயர்ச்சொல் கிடைக்கும். வேலை செய்ய வைத்துப் பக்கத்தில் இருந்தால் மொழி கிடைக்கும். மாமேரிப் பெண்கள் பாய் முடைவதைப் பதிகிறவரும், செமாய்ப் பெரியவர் மீன்பொறி கட்டுவதைப் பதிகிறவரும் பின்பற்ற வேண்டியது இதையே. இன்னொரு வழி, இரண்டு பெரியவர்களைச் சேர்த்து உட்கார வைப்பது. ஒருவர் விட்டதை மற்றவர் எடுப்பார், மறுத்துப் பேசுவார், சிரிப்பார். உங்களிடம் மெதுவாகவும் எளிமையாகவும் பேசுகிறவர், தன் தோழியிடம் பேசும்போதுதான் மொழியின் முழு வேகம் வெளிப்படும்.

கருவி, சத்தம், கோப்பு

கையடக்க ரெக்கார்டர் இருந்தால் நல்லது. கைப்பேசியும் போதும், சட்டையில் குத்தும் சிறிய மைக் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால். ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) வடிவில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதியுங்கள். ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 520 மெகாபைட், இரட்டைத் தடத்தில் ஒரு ஜிகாபைட்டுக்குச் சற்று மேல் ஆகும். 32 ஜிகாபைட் அட்டை ஒரு வாரப் பயணத்துக்குப் போதும். எம்பி3 வேண்டாம், சொல்லின் கடைசியில் தொண்டையை அடைத்து நிறுத்தும் ஒலி போன்ற நுட்பங்கள் அஸ்லி மொழிகளில் பொருளை மாற்றும், பிற்காலத்தில் அளந்து பார்ப்பவருக்கு மூல ஒலி வேண்டும். கைப்பேசியில் இரைச்சல் குறைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். விசிறிச் சத்தம் என்று நினைத்து அது மெல்லிய மெய்யெழுத்துகளையும் சேர்த்துத் துடைத்துவிடும்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். பாட்டிகளைப் பதியும்போது தாலிச் சங்கிலியும் வளையலும் சேலை மடிப்பும் மைக்கில் உரசும். முந்தானைக்கு எதிர்ப்பக்கத் தோளருகே குத்தினால் தப்பிக்கலாம். ஒலி அளவு உச்சத்தில் -12 டெசிபெல் அளவில் நிற்கும்படி வையுங்கள். குறைவாகப் பதிந்ததைப் பிறகு உயர்த்தலாம், வெடித்துப் பதிந்ததை யாராலும் சரிசெய்ய முடியாது. பெரியவர்கள் சிரிக்கும்போதும் பாடும்போதும் ஒலி திடீரென எகிறும், அதற்கு இடம் விட்டு வையுங்கள்.

நம் ஊரில் பதிவைக் கெடுப்பவை வேறு. கூரை விசிறி, குளிர்பதனப் பெட்டி, தெருவில் மோட்டார் சைக்கிள், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி. பிற்பகல் நான்கு மணிக்கு மேல் தகரக் கூரையில் மழை இறங்கினால் அன்றைய வேலை முடிந்தது. காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நல்ல நேரம். விசிறியை நிறுத்தினால் பெரியவருக்கு வியர்க்கும். இருபது நிமிடம் பதிந்து பத்து நிமிடம் விசிறி போட்டு ஓய்வு கொடுங்கள். அவர் உடம்பை வருத்திப் பதிய வேண்டிய சொல் எதுவும் இல்லை.

ரெக்கார்டரை அழுத்தியதும் நாள், இடம், மொழி, பேசுபவர், பதிபவர் ஆகியவற்றை நீங்களே வாயால் சொல்லுங்கள். கோப்பின் பெயர் மாறிப்போனாலும் ஒலிக்குள் அடையாளம் தங்கும். கோப்புக்கு 20250614_01 என்பது போல நாளும் வரிசை எண்ணும் போதும், பெயரில் இடைவெளி வேண்டாம். யார், எந்த ஊரில் பிறந்தவர், தாய் தந்தை என்ன மொழி பேசினார்கள், எதைப் பற்றிப் பேசினார் என்பதெல்லாம் ஓர் அட்டவணையில், அன்று இரவே. நாளைக்கு எழுதலாம் என்று விட்டவை நாற்பது கோப்பு சேர்ந்த பிறகு யாருக்கும் நினைவிருக்காது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பிரதியாகக் கணக்கில் எடுக்காதீர்கள். குரல் செய்தியாகப் போனது சுருக்கப்பட்ட ஒலிதான்.

எழுதும்போது கவனம்

பதிவை எழுத்தாக்குவது பொறுமையான வேலை. தெரிந்த தமிழுக்கே ஒரு நிமிட ஒலிக்கு ஐந்து, பத்து நிமிடம் ஆகும். புதிய மொழியில் ஒரு மணி நேர ஒலி ஐம்பது மணி நேரத்தையும் தாண்டி விழுங்கும். அதனால் குறைவாகப் பதிந்து முழுதாக எழுதி முடியுங்கள். நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் இலவசமாகத் தரும் ஈலான் மென்பொருள் ஒலியோடு ஒட்டி, வரிவரியாக எழுத உதவும். எழுதத் தெரியாத பெரியவரோடு வேலை செய்ய இன்னொரு வழி உண்டு. முதல் பதிவை வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி ஓட்டி, அதே மொழி பேசும் ஒருவரை அதை மெதுவாகத் திருப்பிச் சொல்ல வைத்துப் பதிவது. பிறகு மலாயில் பொருள் சொல்ல வைத்து இன்னொரு தடத்தில் பதிவது. எழுத்தே இல்லாமல் பொருளோடு ஒலி தங்கிவிடும்.

எழுத்தில் பெரிய குழி ஒன்று இருக்கிறது. ரூமி என்னும் ரோமன் எழுத்தில் தமிழை வாட்ஸ்அப்பில் எழுதும் நம் பிள்ளைகள் கல், கள், கால் மூன்றையும் ஒரே மாதிரி எழுதிவிடுவார்கள். நமக்குத் தமிழ் தெரிவதால் இடம் பார்த்து ஊகிக்கிறோம். செமாயிலும் குறில் நெடில் வேறுபாடு உண்டு. மூக்கால் ஒலிக்கும் உயிரும் தனியாக உண்டு. மலாய் எழுத்துமுறையின் ஐந்து உயிரெழுத்துகளை வைத்து அப்படியே எழுதினால் வேறு வேறு சொற்கள் ஒன்றாகிவிடும், ஐம்பது ஆண்டு கழித்து ஊகிக்க ஆள் இருக்காது. நெடிலுக்கு எழுத்தை இரட்டிப்பது போன்ற ஒரு வழக்கத்தை அந்த ஊர்க்காரர்களோடு பேசி முதலிலேயே முடிவு செய்து, கடைசி வரை அதையே கடைப்பிடியுங்கள்.

அடுத்தவர் வாசலில்

வீட்டில் ஆறு மாதமாவது பழகிய பிறகு, ஒரு பூர்வகுடிச் சமூகம் உதவி கேட்டால் போங்கள். கேட்காத இடத்தில் நுழையாதீர்கள். ஆய்வு என்றால் ஜாக்கோவா என்னும் பூர்வகுடி மேம்பாட்டுத் துறையின் அனுமதி வேண்டும். கிராமத் தலைவரான தோக் பாத்தினிடம், அல்லது பெங்ஹூலுவிடம், முதல் நாள் போய்ப் பேச வேண்டும். அந்த முதல் நாளில் ரெக்கார்டர் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

ஒப்புதல் என்பது ஒரு கையெழுத்தோடு முடிவதில்லை. பதியலாமா, வைத்திருக்கலாமா, யாருக்குக் காட்டலாம் என்று மூன்று கேள்விகள் அதில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் பதில் வேறாக இருக்கலாம். குடும்பம் மட்டும் கேட்கட்டும் என்பார் ஒருவர், நான் போன பிறகு கேட்கட்டும் என்பார் இன்னொருவர். பிறகு மனம் மாறி அழிக்கச் சொன்னாலும் அழிக்க வேண்டும். தெமியார் மக்களிடம் கனவில் ஒருவருக்கு அருளப்பட்ட பாட்டு அவருக்குரியது. அழகாக இருக்கிறது என்று இணையத்தில் ஏற்றிவிட முடியாது. மூலிகை பற்றிய பேச்சில் செடி வளரும் இடத்தைப் பொதுவில் சொல்லாதீர்கள், பிடுங்கி விற்பவர்கள் முதலில் வந்து நிற்பார்கள். இப்படிப்பட்ட அறிவைப் பயன்படுத்துவதற்கு அந்தச் சமூகத்தின் முன்கூட்டிய ஒப்புதல் வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் உயிரியல் வளச் சட்டமும் சொல்கிறது. பெரியவரின் நேரத்துக்குக் கூலி கொடுங்கள். அவர் ஆசிரியர், நீங்கள் மாணவர். பணம் கொடுப்பதை உபகாரம் போலச் செய்யாதீர்கள்.

பதிவு மொழியைக் காப்பாற்றாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேழையில் இருக்கும் ஒலி ஒரு பிள்ளையையும் பேச வைக்காது. பேச வைத்த முயற்சிகள் வேறு வகை. நியூசிலாந்தில் மாவோரி மக்கள் 1982இல் தொடங்கிய மொழிக் கூடுகளில், தாத்தா பாட்டிகள் பாலர்களோடு நாள் முழுக்க மாவோரியில் மட்டுமே பேசினார்கள். கலிபோர்னியாவில் 1990களில் பூர்வகுடிகள் தொடங்கிய குரு-சீடர் முறை இன்னும் எளிது. ஒரு மூத்தவர், ஒரு இளையவர், வாரத்துக்கு 10 முதல் 20 மணி நேரம், சமைத்துக்கொண்டோ நடந்துகொண்டோ, அந்த ஒரே மொழியில். பாடநூல் தேவையில்லை, ஆங்கிலத்துக்கு இடமில்லை. சொல் தெரியாவிட்டால் கையால் காட்ட வேண்டும். தமிழ் பேசத் திணறும் பேரனுக்கும் இதைவிட நல்ல வைத்தியம் கிடையாது. சனிக்கிழமை காலை சந்தைக்குப் பாட்டியோடு அனுப்பி, திரும்பும் வரை தமிழ் மட்டும் என்று வையுங்கள்.

பள்ளியில் ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வேண்டும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். பூர்வகுடி மொழிகளுக்கும் அதே 15 பேர் விதிதான், நடைமுறையில் இயலுமானால் என்ற நிபந்தனையோடு. செமாய் மொழி பேராக், பஹாங் மாநிலங்களில் சில தொடக்கப் பள்ளிகளுக்குள் நுழைந்தது அப்படித்தான். ஆசிரியரும் பாடநூலும் இல்லாததே பெரிய முட்டுக்கட்டை. 1816இல் பினாங்கில் ஒரு வகுப்பாகத் தொடங்கிய தமிழ்க் கல்வியை ஐந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளாக வளர்த்து நிறுத்திய சமூகத்துக்கு, பாடநூல் எழுதுவது, எழுத்து முறையை நிலைப்படுத்துவது, மனுப் போடுவது எல்லாம் கைவந்த வேலை. அந்த அனுபவத்தைக் கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம்.

பதிவு முடிந்ததும் பிரதியைக் கிராமத்துக்குத் திருப்பிக் கொடுங்கள். பென் டிரைவில் வேவ் கோப்புகளோடு, கைப்பேசியில் கேட்கத் தோதாகச் சிறிய எம்பி3 நகலும் இருக்கட்டும். இணையம் எட்டாத இடத்துக்கு இணைப்பு முகவரி அனுப்பிப் பயனில்லை. அங்கேயே ஓட்டிக் காட்டி, எல்லாக் கோப்பும் திறக்கிறதா என்று பாருங்கள். ஒலி கேட்டதும் பிள்ளைகள் வந்து சூழ்வார்கள். பெரியவர் தன் குரலைக் கேட்டுவிட்டு, இந்த இடத்தில் தப்பாகச் சொல்லிவிட்டேன், உண்மையில் அது இப்படி என்று தொடங்குவார். அன்றைக்கும் ரெக்கார்டரை மறக்காமல் எடுத்துப் போங்கள், மின்கலத்தை முழுதாக ஏற்றிக்கொண்டு.